சுரைக்குடுக்கை ஹெல்மெட்: போக்கோ ஹராம் காலத்தில் நைஜீரியாவில் இருந்தவர்களின் அனுபவங்கள்

கானோ மெக்கானிக்:

நைஜீரியாவில் துப்பாக்கி தூக்கிய போக்கோ ஹராம் என்ற மதத் தீவிரவாதக் கூட்டம் ஏன் அப்படி ஆனது என்று கேட்டால், "வறுமை, படிப்பறிவு இல்லை" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். 2008 முதல் 2013 வரை வடக்கு நைஜீரிய நகரமான கானோவில் ஒரு பைக் ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்தேன். அந்தப் பதில் எனக்குப் பத்தவில்லை. கானோவிலும் அதே வறுமைதான். ஆனால் அந்தக் கூட்டம் முளைத்தது வடகிழக்கே இருக்கும் மைதுகுரி நகரத்தில்.

2009 ஜனவரி 1 முதல் நைஜீரியா முழுக்க பைக்குக்கு ஹெல்மெட் கட்டாயம். பைக் டாக்சியை அவர்கள் அச்சாபா என்பார்கள். ஹெல்மெட் வாங்கக் காசில்லாத அச்சாபாக்காரர்கள் காய்ந்த சுரைக்குடுக்கையைப் பிளந்து, கயிறு கட்டித் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். பின்னால் ஏறுகிறவர்களோ, கண்டவன் போட்ட ஹெல்மெட்டில் மந்திரம் வைத்திருப்பான் என்று அதைத் தொடவே பயந்தார்கள். ஒர்க்‌ஷாப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

ஜூன் மாதம் சிரிப்பு நின்றது. மைதுகுரியில், போக்கோ ஹராமைத் தொடங்கிய முகம்மது யூசுபின் ஆட்கள் சவ ஊர்வலத்தில் பைக்கில் போயிருக்கிறார்கள். ஹெல்மெட் எங்கே என்று பாதுகாப்புப் படை மறித்துத் தகராறு முற்றி, துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. எங்களிடம் மைதுகுரிப் பையன் ஒருவன் வேலை பார்த்தான். அவன் அண்ணன் யூசுபின் பள்ளிவாசலே கதியென்று கிடந்தவன். அங்கே சாப்பாடு போட்டார்கள், கல்யாணம் செய்து வைத்தார்கள், சின்னதாகத் தொழில் தொடங்கக் கைமாற்றும் கொடுத்தார்கள். "அரசாங்கம் எங்க தெருப்பக்கம் வந்ததே மாமூல் வாங்கத்தான், ஓகா" என்பான் பையன். முதலாளி ஸ்தானத்தில் இருப்பவர்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஜூலை கடைசியில் பவுச்சியில் தொடங்கிய மோதல் மைதுகுரியில் பெரும் சண்டையானது. எழுநூறு பேருக்கு மேல் செத்தார்கள். ராணுவம் யூசுபை உயிரோடு பிடித்துப் போலீஸிடம் ஒப்படைத்தது. சில மணி நேரத்தில் பிணம். அந்த விசாரணை வீடியோவைப் பையன் கைப்பேசியில் காட்டினான். சட்டையில்லாமல் நிற்கிறார். படிப்பை ஹராம், அதாவது மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்கிறாய், வீட்டில் கம்ப்யூட்டர் எப்படி என்று கேட்கிறார்கள். அது கருவி, போக்கோ வேறு என்கிறார். போக்கோ என்றால் வெறும் புத்தகம் இல்லை, வெள்ளைக்காரன் விட்டுப்போன பள்ளிக்கூடமும் அதில் படித்துப் பதவிக்கு வந்து சுருட்டுகிறவர்களும் சேர்த்துத்தான் என்று பையன் விளக்கினான்.

2012 ஜனவரி 20, வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஏர் கம்ப்ரஸர் வெடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்தடுத்து சத்தம் வந்ததும் ஷட்டரை இறக்கினோம். போலீஸ் ஸ்டேஷன்கள், பாஸ்போர்ட் ஆபீஸ் என்று ஊர் முழுக்கக் குண்டு. இராத்திரி முழுக்க டயர் அடுக்குக்குப் பின்னால் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். நூற்றைம்பதுக்கு மேல் சாவு. சிறையில் இருக்கும் எங்கள் ஆட்களை விடவில்லை, அதனால் அடித்தோம் என்றார்கள் போக்கோ ஹராம்காரர்கள். செத்தவர்களில் வழியில் போனவர்கள் எத்தனை பேர்!

யோலா டீச்சர்:

அண்ணா, நீங்கள் சொன்னது 2009 வரைக்கும் சரி. போலீஸ் மேல் கோபம் என்றால் பள்ளிக்கூடத்து விடுதியில் தூங்கின பிள்ளைகள் என்ன செய்தார்கள்? 2014 பிப்ரவரியில் புனி யாடியில் பையன்களைக் கொன்றுவிட்டு, பெண்பிள்ளைகளிடம் வீட்டுக்குப் போய்க் கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்துச் சிபோக்கில் 276 மாணவிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அக்டோபர் கடைசியில் முபி நகரம் விழுந்ததும் ஜனங்கள் பக்கத்து நகரமான எங்கள் யோலாவுக்கு வந்து குவிந்தார்கள். எங்கள் பள்ளி வராந்தாவில் ஒரு வெங்காய வியாபாரி குடும்பத்தோடு தங்கியிருந்தார். ஐந்து வேளை தொழுகிறவர். மனைவி காலில் செருப்பில்லை, கிழிந்த முக்காட்டைச் சுற்றியிருந்தார். "என்னையும் காஃபிர் என்றுதானே சொன்னான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார் அந்த மனிதர். யூசுபுக்கு அப்புறம் ஷெகாவ் என்பவன் தலைமைக்கு வந்த பிறகு கணக்கு அப்படித்தான்: எங்களோடு சேராதவன் அரசாங்கத்து ஆள், முஸ்லிமாக இருந்தாலும் வெட்டலாம். 2013-ல் மைதுகுரி இளைஞர்கள் தடியோடு தெருக்காவலுக்கு இறங்கி இவர்களைக் காட்டிக்கொடுத்ததும் ஊர் ஊராகப் பழிவாங்கல் தொடங்கிவிட்டது. அதற்கும் ஹெல்மெட்டுக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்கள். 2016-ல் யூசுபின் சொந்த மகனே ஷெகாவைவிட்டுப் பிரிந்து போனதற்கு, அப்பாவி முஸ்லிம்களைக் கொல்கிறான் என்பதும் ஒரு காரணம்.

கானோ மெக்கானிக்:

டீச்சர், நியாயப்படுத்த வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பட்டாசு வெடித்தாலே இன்றைக்கும் எனக்குக் கை நடுங்கும். எதற்காகக் கொன்றார்கள் என்பதும், எப்படி அந்தக் கூட்டத்துக்கு ஆள் சேர்ந்தது என்பதும் வேறு வேறு கேள்வி. நான் பார்த்தது இரண்டாவதை.

அந்தப் பையன் 2012 கடைசியில் ஊருக்குப் போனான். மறுவருடம் மே மாதம் நெருக்கடி நிலை அறிவித்து போன் லைனை வெட்டினார்கள். லைன் திரும்பி வந்ததும் ஒருநாள் கூப்பிட்டான். நீங்கள் சொன்ன தெருக்காவலில் சேர்ந்துவிட்டானாம், கையில் ஒரு தடி. "உன் அண்ணன் வந்தால்?" என்று கேட்டேன். பதிலே சொல்லவில்லை. ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் தன் ஸ்பேனர் செட்டை விற்று, பணத்தை அம்மாவுக்கு அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். அப்புறம் அந்த நம்பர் கிடைக்கவே இல்லை.