பத்தே நிமிஷத்தில் அணைந்துபோகும் பழைய புரொஜெக்டர் (மண்டபம் ஊரிலிருந்து)

கேள்வி:
சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஒன்றாக மூணு எல்சிடி பேனல் உள்ள பழைய புரொஜெக்டர். லேம்ப் ஓடியது 2,600 மணி நேரம். போட்ட பத்து நிமிஷத்தில் ஃபேன் இரைச்சல் கூடி, டெம்ப் லைட் (சூடு கூடினதைக் காட்டும் விளக்கு) எரிந்து மெஷின் அணைகிறது. வெள்ளைத் திரையில் இடது மூலையில் மஞ்சள் திட்டு வேறு. வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம். ஃபில்டரைத் தட்டிப் போட்டாச்சு, பலனில்லை. லேம்ப் மாத்தணுமா அண்ணே?

பதில் 1:
லேம்புக்குக் காசு போடாதீங்க தம்பி. லேம்ப் தேய்ந்தால் படம் மங்கும். டெம்ப் லைட் எரிந்தால் காற்றோட்டம்தான் கோளாறு. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாசங்களில் தூசியோடு உப்பும் சேர்ந்து உள்ளே போகுது. உப்பு ஈரத்தை இழுக்கும். அதனால் தூசி உதிராமல் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) இடுக்கில் சாம்பல் நிறக் கம்பளி மாதிரி அப்பிக்கும், தொட்டால் பிசுபிசுக்கும். ஃபில்டரைத் தட்டி இது போகாது.

பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் ஆறவிடுங்க. முதலில் லேம்பைக் கழற்றி வையுங்க. கண்ணாடியில் விரல் படக்கூடாது. மூடியைத் திறந்ததும் பவர் போர்டைத் தொடாதீங்க, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் அப்பலைக் கிளறி, ரப்பர் ப்ளோயரால் ஊதுங்க. ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடிச்சுக்குங்க, தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போயிடும். பஞ்சர் கடை கம்ப்ரசர் வேண்டவே வேண்டாம். அதில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும்.

அப்புறம் ஃபேனைச் சுண்டிப் பாருங்க. இறுகி நின்றால் மாத்தணும். அதே அளவு, ஸ்டிக்கரில் உள்ள அதே வோல்ட், அதே ஆம்பியர். மூணு ஒயர் இருந்தால் மூணு ஒயரே வாங்குங்க. மூணாவது ஒயர்தான் ஃபேன் சுற்றுவதைப் போர்டுக்குச் சொல்லுது. அது இல்லாவிட்டால் ஃபேன் ஓடினாலும் மெஷின் அணைஞ்சிடும்.

பதில் 2:
வெள்ளையில் நீலம் குறைந்தால் மஞ்சள் தெரியும். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிப் பாருங்க. படம் கலங்கும்போது திட்டு தெளிவானால் தூசி, ஊதினால் போகும். எப்படித் திருப்பினாலும் பரந்தே தெரிந்தால் நீலப் பேனலின் போலரைசர் பிலிம் (ஒளியை ஒரே திசையில் மட்டும் விடும் மெல்லிய தாள்) சூட்டில் வெந்திருக்கு. துடைத்தால் வராது, மாத்தணும். பழைய பிலிம் இருந்த திசையை ஸ்கெட்ச் பேனாவால் குறிச்சுட்டுக் கழற்றுங்க. திரும்பிப்போனால் நீலமே கெட்டுடும். ஆனால் முதலில் சூட்டைச் சரிபண்ணுங்க, இல்லைன்னா புதுப் பிலிமும் வெந்துடும்.

பதில் 3:
லேம்ப் கனெக்டரையும் பாருங்க. பச்சைக் களிம்பு இருந்தால் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைங்க. கருகியிருந்தால் கனெக்டரையே மாத்திடுங்க.

சூடு ஆறாமல் புரொஜெக்டரைப் பாலிதீன் பையில் கட்டாதீங்க. இறுக மூடும் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் 200 கிராம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்க. ஏசி ரூமிலிருந்து மொட்டை மாடிக்கு எடுத்துப்போனால் லென்ஸ் வேர்க்கும், அரை மணி நேரம் விட்டுப் போடுங்க. ஐப்பசி, கார்த்திகையில் வேலை இல்லாவிட்டாலும் வாரம் ஒருதடவை ஓட்டுங்க. அணைத்த பிறகு ஃபேன் நிற்கும்வரை பிளக்கில் கை வைக்காதீங்க. அடிக்கடி கரண்ட் போகிற இடம்னா 600 விஏ யுபிஎஸ் ஒன்று போடுங்க. கரண்ட் போனதும் ரிமோட்டில் அணைத்தால் லேம்ப் ஆறுகிற வரை ஃபேன் ஓடும்.