துருப்பிடித்த ஆணியும் பெரிய வீட்டு ஓட்டும்

(பெரிய வீடு – குடும்பக் குழு. வியாழக்கிழமை மாலை)

செல்வி அத்தை: [படம்]

செல்வி அத்தை: எங்கள் ஏழாம் வகுப்பு. இன்றைக்கு மூன்றாவது பீரியடு.

முருகன் மாமா: என்ன செல்வி, பிள்ளைகள் எல்லாரும் சீட்டைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள்? ரம்மியா?

அமுதா அத்தை: உங்களுக்கு எதைப் பார்த்தாலும் அதுதான் ஞாபகம் வரும்.

வித்யா அக்கா: அத்தை, பிள்ளைகளின் முகம் தெளிவாகத் தெரிகிறது. குடும்பக் குழுதான் என்றாலும் வேண்டாமே. பெற்றோரிடம் கேட்டீர்களா?

செல்வி அத்தை: கேட்கவில்லை. நீ சொல்வது சரிதான், எடுத்துவிடுகிறேன்.

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

செல்வி அத்தை: [படம்: மேசையில் பரப்பிய அட்டைகள்]

செல்வி அத்தை: இதுதான் அந்தச் சீட்டு. பிளிக்கர்ஸ் என்று பெயர்.

முருகன் மாமா: என் கடை வாசலில் காசு வாங்க ஒட்டியிருக்கிறேனே, அது மாதிரி இருக்கிறது.

பெரியப்பா: 2018-இல் வந்த பாடப் புத்தகங்களில் கட்டம் கட்டமாக ஒன்று அச்சடித்தார்களே, அதுவா?

செல்வி அத்தை: அது க்யூஆர் கோடு அண்ணே. பிள்ளை ஸ்கேன் செய்தால் வீடியோ வரும். அதற்குப் பிள்ளையின் கையில் போன் வேண்டும். இதில் நேர்மாறு. பிள்ளையிடம் அட்டை மட்டும், போன் என்னிடம் மட்டும். அட்டைக்கு நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரு எழுத்து: ஏ, பி, சி, டி. நான் கேள்வி கேட்பேன். எந்த விடையோ அந்த எழுத்து மேலே வருகிற மாதிரி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். நான் போன் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு சுற்று காட்டினால் யார் என்ன விடை பிடித்திருக்கிறார் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

கார்த்தி: பக்கத்துப் பையன் அட்டையைப் பார்த்துத் திருப்ப மாட்டானா?

செல்வி அத்தை: ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு. எழுத்தும் எறும்பு அளவு. பார்த்தாலும் ஒன்றும் விளங்காது.

அமுதா அத்தை: இதற்கு எவ்வளவு செலவு? கவர்மெண்ட் கொடுத்ததா?

செல்வி அத்தை: இல்லை அக்கா. ஒரு தாளுக்கு 2 அட்டை, மொத்தம் 40 அட்டை. 20 தாள் ஜெராக்ஸ், 40 ரூபாய். அதோடு விட்டிருந்தால் நல்லது. அழகாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் லேமினேஷன் செய்தேன். ட்யூப்லைட் வெளிச்சம் அதில் பளபளவென்று அடித்து, கேமராவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பாதி வகுப்பு காணாமல் போய்விட்டது. மறுபடி ஜெராக்ஸ் எடுத்துப் பழைய நோட்டு அட்டையில் ஒட்டினேன்.

முருகன் மாமா: லேமினேஷன் பண்ணினதை என் கடையில் போடு. கிலோ என்ன விலை என்று சொல்கிறேன்.

செல்வி அத்தை: இன்னொரு தொல்லை, கட்டை விரல். பிள்ளைகள் அட்டையை இறுக்கிப் பிடித்து அந்தக் கறுப்புக் கட்டத்தை மறைத்துவிடுவார்கள். "ஓரத்தைப் பிடி, ஓரத்தைப் பிடி" என்று முதல் வாரம் முழுக்க இதே பாட்டு.

பெரியப்பா: செல்வி, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டச் சொல்வோம். அதே வேலைதானே? நடுவில் போன் எதற்கு?

செல்வி அத்தை: கோபம் எதற்கு அண்ணே. நெட் கிடைக்காத நாளில் நானும் சிலேட்டுதான். ஆனால் சிலேட்டைத் தூக்கியதும் முன் பெஞ்சு என்ன எழுதியது என்று பின் பெஞ்சு பார்க்கும், அழித்துவிட்டு அதையே எழுதும். கடைசியில் எல்லாருக்கும் ஒரே விடை. எனக்கு யாரைப் பற்றியும் ஒன்றும் தெரியாது.

பெரியப்பா: அது என்னவோ உண்மை.

வித்யா அக்கா: இங்கே சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு லேப்டாப் அல்லது டேப்லெட் இருக்கிறது. 2021-லேயே எல்லாருக்கும் வந்துவிட்டது. எஸ்எல்எஸ் என்று அரசின் கற்றல் தளம், அதில்தான் வீட்டுப்பாடம் எல்லாம். எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. பள்ளியிலும் திரை, வீட்டிலும் திரை. ஆனால் என் மகனின் தமிழ் வகுப்பில் ஒரு விஷயம் நடந்தது. அவனுக்குத் தமிழில் வாயைத் திறக்கவே கூச்சம், சிரிப்பார்கள் என்று. ஆசிரியர் கேள்விக்கு எல்லாரும் தட்டச்சு செய்து போட வேண்டும், அப்புறம் மற்றவர் எழுதியதைப் படித்துப் பதில் எழுத வேண்டும். இவன் தாத்தாவின் கிணற்றைப் பற்றி நான்கு வரி போட்டிருக்கிறான். அதற்குக் கீழே ஆறு பேர் கேள்வி. "கிணற்றில் ஆமை உண்டா?" என்று ஒருவன். மறு வாரம் அதற்கெல்லாம் வாயாலேயே பதில் சொன்னானாம்.

பெரியப்பா: ஆமை இருந்தது. இரண்டு.

கார்த்தி: எங்கள் ஆபீஸ் பயிற்சியில் ஒரு வினாடி வினா விளையாட்டு வைப்பார்கள். வேகமாக அழுத்தினால் கூடுதல் மார்க், திரையில் முதல் ஐந்து பேர் பெயர். நான் மூன்றாவது கேள்விக்குப் பிறகு எதையாவது அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

செல்வி அத்தை: அதனால்தான் அந்த வகையை நான் தொடுவதில்லை. வேகமான நான்கு பேருக்குத்தான் குதூகலம். நான் முன்பு இருந்த பள்ளியில் பெரிய திரை ஒன்று வந்தது. ரிமோட் பீரோவில், பீரோ சாவி வேறொருவர் பையில். சாவி கிடைத்த நாளில் வீடியோ ஓடும், பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். முடிந்ததும் "புரிந்ததா?" "புரிந்தது டீச்சர்." அவ்வளவுதான்.

செல்வி அத்தை: சரி, பேசுவதைவிடச் செய்து பார்ப்போம். இன்றைக்கு வகுப்பில் கேட்ட கேள்வியை இங்கே போடுகிறேன். கூகுளைத் தொடக் கூடாது.

(ஓட்டு: ஒரு இரும்பு ஆணி மழையில் கிடந்து துருப்பிடித்துவிட்டது. துரு ஒரு பொட்டுக்கூட உதிரவில்லை. காயவைத்து எடை போட்டால், பழைய எடையைவிட – கூடும் / குறையும் / அப்படியே இருக்கும்)

பெரியப்பா: குறையும். இரும்பைத் துரு அரித்துவிடும் அல்லவா. போட்டுவிட்டேன்.

முருகன் மாமா: மச்சான் சொன்னதுதான். இருபது வருஷமாகப் பழைய இரும்பு வாங்குகிறேன். துருப்பிடித்த கம்பி வந்தால் தட்டிப் பார்த்துக் கழிவு போட்டுத்தான் காசு கொடுப்பேன். குறையாமல் பின்னே?

அமுதா அத்தை: நானும் குறையும்.

வித்யா அக்கா: அப்பா போட்டால் சரியாகத்தான் இருக்கும். குறையும்.

கார்த்தி: நானும் போட்டுவிட்டேன்.

செல்வி அத்தை: ஐந்து பேர் குறையும். வேறு யாரும் இல்லையா?

அமுதா அத்தை: மற்றவர்கள் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். நீல டிக் விழுந்துவிட்டது.

செல்வி அத்தை: ஒருவர் எனக்குத் தனியாக விடை அனுப்பியிருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். அவர் விடைதான் சரி. எடை கூடும்.

முருகன் மாமா: என்னது?

பெரியப்பா: எப்படி?

செல்வி அத்தை: கார்த்தி, நீ முதலில் "கூடும்" போட்டாய். இரண்டு நிமிடம் கழித்து மாற்றினாய். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கார்த்தி: பெரியப்பா குறையும் என்றாரே, நாம் எதற்கு என்று...

செல்வி அத்தை: எதற்கு என்று மாற்றிவிட்டாய். இன்ஜினியரிங் படித்தவன்.

அமுதா அத்தை: ஹாஹா.

செல்வி அத்தை: வாட்ஸ்அப் ஓட்டில் யார் எதைப் போட்டார் என்று எல்லாருக்கும் தெரிகிறது. அட்டையில் தெரியாது. இன்றைக்கு வகுப்பில் 34 பேர். கூடும் 12, குறையும் 17, அப்படியே இருக்கும் 5. நான் விடையைச் சொல்லவில்லை. "பக்கத்தில் இருப்பவர் வேறு விடை பிடித்திருந்தால் உங்கள் காரணத்தை அவரிடம் சொல்லி மாற்றப் பாருங்கள், மூன்று நிமிடம்" என்றேன். சந்தைக்கடைதான். அப்புறம் மறுபடி அட்டை. கூடும் 23.

வித்யா அக்கா: நீங்கள் ஒன்றும் சொல்லாமலா?

செல்வி அத்தை: ஒன்றும் சொல்லாமல். இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990-களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. அவரும் கருவி இல்லாமல்தான் தொடங்கினார், விடையை அழுத்துகிற பொத்தான் கருவி பிறகு வந்தது. நூற்றுக்கு 30 பேருக்கும் குறைவாகச் சரியாகச் சொன்னால் மறுபடி பாடம் நடத்து, 70-க்கு மேல் என்றால் அடுத்ததற்குப் போ, நடுவில் இருந்தால் பேசவிடு. இதுதான் கணக்கு. 34-இல் 12 என்றால் நடுவில் வருகிறது.

பெரியப்பா: அதெல்லாம் சரி, எடை எப்படிக் கூடும்? அதைச் சொல்.

செல்வி அத்தை: துரு என்பது இரும்பு மட்டும் இல்லை அண்ணே. காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் தண்ணீரும் இரும்போடு சேர்ந்துகொண்டது. இரும்பு எங்கும் போகவில்லை, மேலே ஆள் வந்து ஏறிக்கொண்டது. 100 கிராம் இரும்பு முழுக்கத் துருவாகிவிட்டால், தண்ணீரை விட்டுவிட்டு ஆக்சிஜனை மட்டும் கணக்குப் பார்த்தாலே 143 கிராம்.

கார்த்தி: ஈரத்தின் எடையாக இருக்கலாமே?

செல்வி அத்தை: இதைத்தான் ஒரு பையனும் கேட்டான். போன வாரமே 10 கிராம் இரும்புத் தூளை ஒரு தட்டில் பரப்பித் தண்ணீர் தெளித்து அறை மூலையில் வைத்திருந்தேன். தினமும் ஒருவர் தெளிக்க வேண்டும். கடைசி இரண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் காய்ந்தது. ஒரு பிள்ளையின் அப்பா நகைப் பட்டறை வைத்திருக்கிறார், அவரிடம் சின்னத் தராசு வாங்கி வந்தோம். 10.87 காட்டியது. துருவுக்குள்ளேயே கொஞ்சம் தண்ணீர் கட்டுண்டுதான் கிடக்கும், அதையும் சொன்னேன். "நகைக்கடைத் தராசு பொய் சொல்லாது டீச்சர்" என்று தராசுக்காரர் மகனே சாட்சி.

முருகன் மாமா: அப்படியென்றால் இத்தனை வருஷம் நான் கழிவு போட்டது அநியாயமா செல்வி? பாவம், எத்தனை பேர் சண்டை போட்டுவிட்டுப் போனார்கள்.

செல்வி அத்தை: இல்லை அத்தான், நீங்கள் போட்டது நியாயம்தான். 143 கிராம் துருவுக்குள் இரும்பு 100 கிராம்தானே. கழிக்காவிட்டால் காற்றுக்கும் சேர்த்துக் காசு கொடுத்த மாதிரி. பழைய கம்பியில் துரு உதிர்ந்தும் போயிருக்கும், அதனால்தான் உங்களுக்குக் குறையும் என்று தோன்றியது. நாளைக்கு வகுப்பில் உங்கள் கடைக் கணக்கைச் சொல்லப் போகிறேன்.

முருகன் மாமா: கடைப் பெயரையும் சொல்லிவிடு.

செல்வி அத்தை: இன்னொன்று. 17-ஆம் எண் அட்டை. பெயரைச் சொல்லவில்லை, ஆப்பிலும் பிள்ளைகளின் பெயர் போடவில்லை, எண் மட்டும்தான். அந்தப் பெண் ஜூனிலிருந்து என் வகுப்பில் வாயைத் திறந்ததே இல்லை. மெல்லக் கற்பவள் என்று நானே மனதில் எழுதிவைத்திருந்தேன். இரண்டு வாரமாக அட்டை சொல்கிறது, ஐந்துக்கு நான்கு சரி. இன்றைக்கும் முதல் சுற்றிலேயே "கூடும்". பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது. "இரும்பு காத்தைத் தின்னுது. தின்னா எடை கூடும்தான?"

வித்யா அக்கா: அடடா.

பெரியப்பா: நான் இருபத்தெட்டு வருஷம் இதே அறிவியல்தான் நடத்தினேன் செல்வி. துருப்பிடித்தல், சமன்பாடு, எல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஆணியைத் தராசில் வைத்ததில்லை. "புரிந்ததா" என்று நானும்தான் கேட்டிருக்கிறேன்.

செல்வி அத்தை: அண்ணே, உங்களிடம் படித்துத்தான் நான் டீச்சரானேன்.

பெரியப்பா: இருக்கட்டும். நீ தனியாக வாங்கிய விடை யாருடையது?

செல்வி அத்தை: சொல்ல மாட்டேன் என்றேனே.

பெரியப்பா: மீனாவா?

அமுதா அத்தை: மீனா இந்தக் குழுவில் பிறந்தநாள் வாழ்த்தைத் தவிர வேறு எழுதிப் பார்த்ததே இல்லையே.

மீனா அண்ணி: 🙏

கார்த்தி: அண்ணி!

மீனா அண்ணி: அரிவாள்மனையைத் தேய்க்காமல் விட்டால் மேலே படை படையாக ஏறும் மாமா. ஏறினால் கூடத்தானே செய்யும். அதைத்தான் அனுப்பினேன்.

பெரியப்பா: இதை இங்கேயே எழுதியிருக்கலாமே அம்மா.

மீனா அண்ணி: நீங்கள் குறையும் என்று போட்டுவிட்டீர்களே மாமா.

முருகன் மாமா: மச்சான், மாட்டிக்கொண்டீர்கள்.

பெரியப்பா: சரி. செல்வி, இன்னொரு கேள்வி போடு. இந்த முறை நான் கடைசியாகத்தான் வாயைத் திறப்பேன்.

செல்வி அத்தை: ஓட்டெல்லாம் வேண்டாம், எனக்குத் தனியாக அனுப்புங்கள். டம்ளர் விளிம்பு வரை தண்ணீர். அதில் ஒரு ஐஸ் கட்டி மிதக்கிறது. ஐஸ் முழுக்க உருகினால் தண்ணீர் வழியுமா, குறையுமா, அப்படியே நிற்குமா? காரணமும் வேண்டும். ஒன்பது மணி வரை நேரம்.

அமுதா அத்தை: இவர் ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டார்.

முருகன் மாமா: செல்வி, இரண்டு விடை அனுப்பலாமா?