பாகத்தைத் தூக்கினதும் கோபாட் நின்னுடுது – அவசரம்

பம்ப்லைன்22:
பம்ப் கேசிங் (வெளிக்கூடு) லைன்ல யூஆர்10இ கோபாட் (ஆள் பக்கத்துலயே வேலை செய்ற ரோபோ கை) போட்டிருக்கோம். ட்ரேயிலிருந்து கேசிங்கை எடுத்து ஃபிக்ஸ்ச்சர்ல வைக்கும், எதிர்ப்பக்கம் ஆபரேட்டர் ஓ-ரிங் போட்டு போல்ட் முடுக்குவார். அடிக்கடி புரொடெக்டிவ் ஸ்டாப் (பாதுகாப்புக்காக ரோபோ தானா நிக்கிறது) அடிச்சு நின்னுடுது. யாரும் கையே வைக்கல. ஷிஃப்ட் ஓடிக்கிட்டிருக்கு, சீக்கிரம் சொல்லுங்க.

குறிச்சி_மெக்:
லாக்ல என்ன கோடு? கேசிங் எத்தனை கிலோ, கிரிப்பர் (பாகத்தைப் பிடிக்கிற முனை) எத்தனை கிலோ? நிக்கிறது தூக்கும்போதா, திரும்பும்போதா? பாகம் இல்லாம ஓட்டினா நிக்குதா?

பேனல்_வயரிங்:
எர்த்திங் பாருங்க. பக்கத்துல விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாத்துற டிரைவ்) இருந்தா மின் நாய்ஸ் கண்டிப்பா வரும்.

ஏர்லைன்_7:
கிரிப்பருக்குப் போற ஏர் ஹோஸ் மணிக்கட்டு மூட்டு திரும்பும்போது இழுபடுதான்னு பாருங்க. இழுத்தா அதை வெளி விசைன்னு எடுத்துக்கும். கடைசி மூட்டு ரெண்டு பக்கமும் முழுசாத் திரும்புற அளவுக்கு ஹோஸை லூசா விட்டு, முழங்கைல கிளிப் போடுங்க.

பம்ப்லைன்22:
சி153. கேசிங் 5.1, கிரிப்பர் 1.4. தூக்கி வேகம் எடுக்கும்போதுதான். பாகம் இல்லாம ஓட்டினா நிக்கல. சைக்கிள் டைமுக்காக போன வாரம் வேகம் கூட்டினோம்.

சீனியர்_செல்:
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தா இத்தனை பேர் நேரம் வீணாகியிருக்காது. சி153-ன்னா ரோபோ கை போகவேண்டிய பாதைக்கும் போன பாதைக்கும் வித்தியாசம்னு அர்த்தம். பேலோட் (கை தூக்குற எடை), கனமையம் (அந்த எடையோட மையம்), ஆக்ஸிலரேஷன் மூணையும் பாருன்னு திரையிலேயே போடுது, படிக்கணும். இன்ஸ்டலேஷன் செட்டிங்ல பேலோட் 1.4 மட்டும்தான் இருக்கும், பந்தயம். கை 6.5 கிலோவைத் தூக்குது, கன்ட்ரோலர் 1.4-ன்னு நம்புது. மெதுவாப் போனப்போ அந்தப் பிழை வரம்புக்குள்ள இருந்தது, ஆக்ஸிலரேஷன் கூட்டினதும் தாண்டிடுச்சு. எர்த்திங் கோளாறா இருந்தா பாகம் இல்லாதப்பவும் நிக்கணுமே?

குறிச்சி_மெக்:
சோதிக்க எளிய வழி: கேசிங்கைப் பிடிச்சபடி நிறுத்தி ஃப்ரீடிரைவ் (ரோபோ கையை நாமளே தள்ளி நகர்த்துற மோடு) அழுத்துங்க. கை தானா கீழே இறங்கினா பேலோட் குறைவா இருக்கு, மேலே ஏறினா அதிகமா இருக்கு. ரோபோ கையை ஒரு கையால பிடிச்சுக்கோங்க, கீழே யாரும் நிக்க வேண்டாம்.

கனமையம் இசட் திசையில: ஃபிளாஞ்சிலிருந்து (கிரிப்பரை மாட்டுற ரோபோ முனை) கிரிப்பருக்கு 60 மிமீ, கேசிங்குக்கு 150 மிமீன்னு வெச்சா, (1.4×60 + 5.1×150) ÷ 6.5 = சுமார் 131 மிமீ. உங்க அளவை எடுத்துப் போடுங்க, இல்லைன்னா நாலு நிலையில அளக்குற விசார்டை ஓட்டுங்க. கிரிப்பர் மூடினதும் 0.3 வினாடி வெயிட், 'செட்' கட்டளையில பேலோட் 6.5, அப்புறம்தான் லிஃப்ட். ஃபிக்ஸ்ச்சர்ல விட்டதும் மறுபடி 1.4. திருப்பி மாத்தாம விட்டா வெறுங்கையோட வரும்போது அதே ஸ்டாப் வரும்.

பேனல்_வயரிங்:
சேஃப்டி லிமிட்டைக் கொஞ்சம் தளர்த்தினாலே ஓடுமே. கோபாட்தானே, வேலியே வேண்டாம்னுதான் வாங்குறோம்.

சீனியர்_செல்:
சி153 சேஃப்டி லிமிட்ல வர்றதே இல்ல, அதைத் தொட்டு எந்தப் பிரயோஜனமும் கிடையாது. வேலி வேண்டாம்னு ரோபோ முடிவு பண்ணாது, மொத்த வேலையோட ரிஸ்க் மதிப்பீடுதான் முடிவு பண்ணும். ஃபிக்ஸ்ச்சருக்கும் கேசிங்குக்கும் நடுவுல ஆபரேட்டர் விரல் நசுங்கினா மனுஷக் கைக்கு வரம்பு 140 நியூட்டன், முகத்துக்கு 65 (கோபாட் பாதுகாப்புத் தரம் ஐஎஸ்ஓ டிஎஸ் 15066, 2025-ல ஐஎஸ்ஓ 10218-2-க்குள்ளயே சேர்த்துட்டாங்க). வார்ப்பு விளிம்பு கூர்மையா இருந்தா விசை குறைவா இருந்தாலும் அழுத்தம் தாண்டிடும்.

ஏர்லைன்_7:
ஏரியா ஸ்கேனர் (ஆள் கிட்ட வந்தா ரோபோவை நிறுத்துற சென்சார்) வெச்சா போதாதா?

சீனியர்_செல்:
தூரத்தைக் கணக்குப் போடணும். ஆள் வரும் வேகம் 1600 மிமீ/வினாடி. கை நிற்க மொத்தம் 0.5 வினாடி ஆகும்னா 800 மிமீ. ஸ்கேனர் தரையிலிருந்து 300 மிமீ உயரம்னா இன்னும் 1080 சேரும். 1880 மிமீ இடம் உங்க லைன்ல இருக்கா? ஆபரேட்டர் எதிர்ப்பக்கம் நின்னே வேலை பார்க்கிறார்னா எப்பவும் ஸ்கேனருக்குள்ளதான் இருப்பார், கை நகரவே நகராது.

பேனல்_வயரிங்:
எல்லாரும் இப்படி 1880 விட்டா யாரும் லைன் போட முடியாது.

பம்ப்லைன்22:
1.4 தான் இருந்தது. 6.5 போட்டேன், கனமையம் 127 வந்தது. நிக்கல. நன்றி.

குறிச்சி_மெக்:
போன வாரம் வேகம் கூட்டின பிறகு ஃபிக்ஸ்ச்சர் பக்கம் விசையை மீட்டர் வெச்சு அளந்தீங்களா? பழைய அளவீடு பழைய வேகத்துக்குத்தான் செல்லும்.