பெயர் அறிவித்துப் பெறும் காணிக்கை: உங்கள் கருத்து என்ன?

கேள்வி (கோத்தகிரி):
எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு கூடை கேரட்டைப் பல மடங்கு விலைக்கு எடுப்பவரின் பெயர் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படுகிறது. அந்தப் பணத்தில்தான் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வசிக்கும் லயன் (வரிசை) வீடுகளுக்குக் கம்பளி வாங்குகிறோம். மனுஷர் காண தர்மம் செய்யாதே என்று வேதாகமத்தில் மத்தேயு 6-ஆம் அதிகாரம் எச்சரிக்க, நற்கிரியைகளை மனுஷர் காணட்டும் என்று 5:16 சொல்கிறது. பெயருக்காகக் கொடுத்தாலும் கம்பளி குளிரைத் தடுக்கத்தானே செய்யும்?

பதில் (குன்னூர்):
சகோதரரே, 5:16-ஐ முடிவுவரை வாசியுங்கள். அங்கே கண்டவர்கள் மகிமைப்படுத்துவது பரலோகப் பிதாவை. 6:2-இல் தர்மம் செய்யும்போது தாரை (எக்காளம்) ஊதுவிக்கிறவன் தேடுவதோ தன் புகழை. பெற்றவருக்கு நன்மைதான், கொடுத்தவர் தம் பலனை அங்கேயே அடைந்துவிட்டார்.

பதில் (கொடைக்கானல்):
அப்போஸ்தலர் 5-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். நிலம் விற்ற பணத்தில் ஆதிச்சபையைச் சேர்ந்த அனனியா ஒரு பங்கை வைத்துக்கொண்டது குற்றமன்று. விற்ற பின்பும் அது அவன் வசத்தில்தான் இருந்தது என்று பேதுருவே சொல்லியிருக்க, ஒரு பங்கை முழுமைபோல் காட்டியதே அவனை வீழ்த்தியது. காட்டிக்கொள்ளும் ஆசை அவ்வளவு ஆபத்தானது. ஆனால் ரசீதையும் கணக்கையும் நிறுத்திவிடாதீர்கள். பணத்தில் மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியம் வேண்டும் என்பது பவுலின் கவலை (2 கொரிந்தியர் 8:21).

பதில் (உதகமண்டலம்):
ஏலத்தைவிட என்னை வருத்துவது புகைப்படம். கம்பளியை மார்போடு பிடித்தபடி, படம் எடுத்து முடியும்வரை பனியில் நிற்கவைக்கப்படும் பாட்டியிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு வந்துவிடலாமே, ஐயா.