இரும்பு–ஈடிடிஏ கரைசலில் பெராக்சைடு விட்டால் ஊதா வந்து கலங்கிப்போகிறது: எங்கே தப்பு?

கேள்வி (எம்.எஸ்சி. புராஜெக்ட், நாகர்கோவில்)
ஃபெரிக் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 0.27 கிராம், டைசோடியம் ஈடிடிஏ (உலோக அயனியைப் பிடித்துக் கரைசலிலேயே வைத்திருக்கும் சேர்மம்) 0.37 கிராம், தண்ணீர் 100 மி.லி. சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பிஎச் 10.5 ஆக்கி, அதில் 50 மி.லி. எடுத்து 3% ஹைட்ரஜன் பெராக்சைடு 5 மி.லி. விடுகிறோம். ஊதா வருது, ஒரு நிமிஷத்தில் நுரை தள்ளி, காவியாகக் கலங்கிடுது. 520 நா.மீ. ஒளியை ஊதா எவ்வளவு உறிஞ்சுது என்ற ரீடிங் தடவைக்குத் தடவை மாறுது. தண்ணீர் குளச்சல் பக்கத்து போர், லேசா உப்புக் கரிக்கும்.

பதில்
ஊதா மங்குவது இயல்புதான் மக்கா. அது பெராக்சோ அணைவு, அதாவது ஈடிடிஏ பிடித்த இரும்போடு பெராக்சைடும் சேர்ந்த கூட்டு. ரொம்ப நேரம் நிற்காது. அதே இரும்புதான் பெராக்சைடை ஆக்சிஜனாகவும் நீராகவும் உடைக்கிறது. நுரைக்குக் காரணம் அது. காவிக் கலங்கல் வேற சங்கதி: ஈடிடிஏ கையை விட்ட இரும்பு ஹைட்ராக்சைடாக விழுகிறது.

முதலில் ஒரு சோதனை. பெராக்சைடே விடாமல் கரைசலைப் பத்து நிமிஷம் வையுங்க. கலங்கினால் பழி பெராக்சைடு மேல் இல்லை.

இரும்புக்கும் ஈடிடிஏவுக்கும் 1:1 மோல் அளவு போதாது, ஈடிடிஏ 0.41 கிராம் எடுங்க. காய்ச்சி வடித்த நீரில் அதைக் கரைத்த பிறகே இரும்பைச் சேர்க்கணும். போர் தண்ணீரின் கால்சியம் இந்தக் காரத்தில் ஈடிடிஏவைப் பிடுங்கிக்கொள்ளும். 1 மோலார் காரத்தைச் சொட்டுச் சொட்டாக, கலக்கிக்கொண்டே விடுங்க; சுமார் 3 மி.லி. பிடிக்கும், மஞ்சள் செம்மஞ்சளாக மாறும். மொத்தமாக ஊற்றினால் விழுந்த இடத்திலேயே துரு நிறத் திரி தெரியும். பிஎச் 10 போதும்.

ரீடிங் மாறுவதற்குக் காரணம், ஊதா அணைவு உண்டாகும்போது அமிலம் வெளியாகி பிஎச் இறங்குவது. நீர்க் கடினத்தன்மை டைட்ரேஷனுக்கு வைத்திருக்கிற அமோனியா பஃபரை (பிஎச் மாறாமல் பிடித்துவைக்கும் கரைசல்) 5 மி.லி. சேர்த்தால் நிற்கும். கரைசலை ஐஸில் வைத்து, பெராக்சைடு விட்ட அரை நிமிஷத்தில் ரீடிங் எடுங்க. குவெட் (ரீடிங் எடுக்கக் கரைசல் ஊற்றும் சின்னக் குப்பி) சுவரில் குமிழி ஒட்டினால் எண் பொய்யாக ஏறும், தட்டிவிடணும். பெராக்சைடு விட்ட கரைசல் பாட்டிலை மட்டும் இறுக மூடாதீங்க.

இன்னொருவர்
மிச்சப் பெராக்சைடை, டைட்டானியம் சல்ஃபேட் விட்டால் வரும் மஞ்சள் நிறத்தை வைத்து அளந்து பார்க்கலாமே? நம்ம மணவாளக்குறிச்சி மணல் இல்மனைட்டில் உள்ள அதே டைட்டானியம்தான்.

பதில்
நல்ல முறைதான், ஆனா இங்க ஆகாது. அது படிக்கிற 410 நா.மீ. பக்கம் இரும்பு அணைவும் மஞ்சளா நிற்கும். பெர்மாங்கனேட்டும் வேண்டாம், ஈடிடிஏவையும் தின்னும். பெராக்சைடு பாட்டிலின் வலிமையை மட்டும் தனியா, கந்தக அமிலத்தில் பெர்மாங்கனேட்டால் பாருங்க: 0.02 மோலார் 1 மி.லி.க்குப் பெராக்சைடு 1.7 மி.கி.

கேட்டவர்
பழைய கரைசல் பெராக்சைடு விடாமலே கலங்கிடுச்சு சார். வடித்த நீர், 0.41 கிராமில் தெளிவா நிற்குது. ஊதாவும் வந்தது.