மறு: ‘லொக்-இன்’ என்பதற்குத் தமிழ் – பூட்டா, சிறையா, தளையா?

எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல்தான் இருந்தேன். நேற்றிரவு வெள்ளவத்தையில் கரண்ட் போய்விட்டது. செய்ய வேறு வேலையில்லாமல் போனில் எல்லா மடலையும் முதலிலிருந்து படித்தேன். ஒரு சொல்லுக்கு நாற்பத்திரண்டு மடல்! நாற்பத்துமூன்றாவதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிந்திச் சேர்ந்தவர்களுக்கு: உயர்தர வணிகக் கல்வி மாணவர்களுக்காக நாங்கள் தமிழாக்குகிற கட்டுரை, கையில் கொண்டுதிரிந்து பாட்டுக் கேட்கிற கருவிகளை விற்ற கொம்பனிகள் மல்லுக்கட்டிய கதை. 1979 இல் சொனியின் வோக்மனோடு தொடங்கி அப்பிளின் ஐபொட், மைக்ரோசொப்ட்டின் சூன் என்று போகிறது. அதில் பதினொரு இடத்தில் ‘லொக்-இன்’ வருகிறது. ஒரு கொம்பனியின் பொருளுக்குப் பழகியவர் வேறொன்றுக்கு மாற நினைத்தால், சேர்த்துவைத்ததை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்ற நிலை. அதற்குத்தான் இந்த அடிபாடு.

> ‘பூட்டுதல்’ என்றே போடுங்கள். ஆங்கிலத்திலும் பூட்டுத்தானே. ஏன் தலையைப் போட்டு உடைக்கிறீர்கள்?

தம்பி, வீட்டில் அம்மா ‘பல்ப் பூட்டு’ என்றால் என்ன செய்வீர்கள்? எங்கள் பேச்சில் பூட்டுதல், கழற்றுதலுக்கு எதிர்ச்சொல். பல்ப் பூட்டுவோம், சைக்கிளுக்குச் செயின் பூட்டுவோம், வண்டியில் மாடு பூட்டுவோம், பொழுதுபட்டால் கடையும் பூட்டுவோம். ‘வாடிக்கையாளரைப் பூட்டுதல்’ என்று படிக்கிற பிள்ளைக்கு நுகத்தடிதான் கண்ணுக்குள் வரும். (பொருத்தமான படம்தானே என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.) அதோடு, சட்டைப்பைக்குள் பட்டன் தானாக அமுங்காமல் தள்ளிவிடுகிற ‘ஹோல்ட்’ விசையும் இதே கட்டுரையில் வருகிறது. பூட்டை அதற்குக் கொடுத்துவிடுவோம்.

என் பெரிய ஆட்சேபம் வேறு. பூட்டு என்பது வெளியே நிற்கிற ஒருவர் போடுவது. இங்கே ஆள் தானே ஆசைப்பட்டுக் காலை நீட்டுகிறார். ஐபொட்டின் கதையையே பாருங்கள். 2001 ஒக்டோபர் 23 அன்று அப்பிள் அதை அறிமுகப்படுத்தியபோது விலை 399 டொலர், கொள்ளளவு 5 கிகாபைட். அதற்கு முந்தியே சந்தையில் ஆட்கள் இருந்தார்கள். டயமண்ட் ரியோ 1998 இலேயே வந்துவிட்டது. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் கொம்பனி 2000 இல் கொண்டுவந்த நோமாட் ஜூக்பொக்ஸ் 6 கிகாபைட். கொள்ளளவில் ஐபொட்டுக்கு அண்ணன். ஆனால் அண்ணனைச் சட்டைப்பைக்குள் வைக்க முடியாது, சீடி பிளேயர் பருமன். பாட்டு ஏற்றுவதற்குள் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டும் வரலாம். அப்பிள்காரர் ‘பையில் ஆயிரம் பாட்டு’ என்றார்கள், ஒரு சீடியைப் பத்துச் செக்கனுக்குள் ஏற்றலாம் என்றார்கள். 2003 ஏப்ரலில் பாட்டு ஒன்று 99 அமெரிக்கச் சதத்துக்கு விற்கிற இணையக் கடையும் திறந்தார்கள். வயரைச் செருகினால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். சுகம் கண்டவர் திரும்பிப் போவாரா?

> ‘சிறைப்பிடிப்பு’ நல்ல சொல். முதலாளிமார் செய்வது அதுதான்.

ஐயா, உங்கள் கோபம் விளங்குகிறது. ஆனால் கணக்கு இடிக்கிறது. 2007 பெப்ரவரியில் அப்பிளின் ஸ்டீவ் ஜொப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அதுவரை விற்ற ஐபொட் 9 கோடி, தங்கள் கடையில் விற்ற, வேறு பிளேயரில் பாடாதபடி பூட்டுப் போட்ட பாட்டு 200 கோடி, ஆக ஒரு ஐபொட்டுக்கு 22 பாட்டு. ஆயிரம் பாட்டுக் கொள்கிற பெட்டியில் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை, பிறகு எங்கே நாங்கள் ஆட்களை அடைத்துவைத்தோம் என்பது அவர் வாதம். தன் பக்க நியாயத்தைத்தானே சொல்லுவார். ஆனாலும் அந்த 22 பாட்டா ஆட்களைப் பிடித்துவைத்தது? வருடக்கணக்காக அடுக்கிய பட்டியல்கள், 2003 இலிருந்து ஐபொட்டின் அடியில் இருந்த அந்த 30 முனைச் செருகியை நம்பி வாங்கிய ஸ்பீக்கர், காருக்குள் பொருத்திய தாங்கி. இதில் எதையும் கொம்பனி வந்து திணிக்கவில்லை.

என் சொந்தக் கதை ஒன்று. இரண்டாயிரத்துகளின் நடுவில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு குட்டிப் பிளேயர் வாங்கினேன். லைட்டர் அளவு. எந்தக் கொம்பனி என்பது வேண்டாம். கடைப் பொடியன் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து, ஊதித் தூசு தட்டி, இயர்போனின் ஒரு பக்கத்தை என் காதிலும் மறுபக்கத்தைத் தன் காதிலும் வைத்துப் போட்டுக் காட்டினான். பாட்டு, கண்ணாடி மாதிரித் தெளிவு. திரையில்தான் வினை. தமிழில் இருந்த தலைப்பெல்லாம் கட்டம் கட்டமாக விழுந்தன. அதோடு வந்த சொப்ட்வெயாரில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டின் பெயரையும் ஆங்கில எழுத்தில் அடித்தேன். நூற்று நாற்பது பாட்டு, இரண்டு கிழமை இரவுகள். அடுத்த வருடம் வேறொரு கொம்பனியின் பிளேயர் மலிவாக, இரண்டு மடங்கு கொள்ளளவோடு கிடைத்தது. பாட்டெல்லாம் அதற்குப் போயின, நான் அடித்த பெயர்கள் போகவில்லை. ‘ட்ரக் 07’, ‘ட்ரக் 08’ என்று வரிசையாக நின்றன. புதியதை மருமகனுக்குக் கொடுத்துவிட்டுப் பழையதையே இன்னும் மூன்று வருடம் கொண்டுதிரிந்தேன். என்னை யார் சிறைவைத்தது?

ஆகவே என் முன்மொழிவு தளைப்பு.

தளை என்றால் விலங்கு, கால்கட்டு. அகராதி பார்க்காமலே தெரியும். ஆனால் நான் நினைக்கிறது தளைநார். அப்பாவின் ஊரில் பனை ஏறுகிறவர் இரண்டு பாதங்களையும் சேர்த்து மாட்டுகிற நார் வளையம். அதை மாட்டிக்கொண்டு நாலடி நடக்க முடியாது. மரத்தில் ஏறலாம். கட்டும் அதுதான், ஏற்றுவதும் அதுதான். மாட்டிக்கொள்கிறவரும் அவரேதான். ‘லொக்-இன்’ என்ற மூலச் சொல்லில்கூட இந்தப் பாதி இல்லை.

> தளை என்றால் பிள்ளைகளுக்கு யாப்பிலக்கணம் அல்லவா ஞாபகம் வரும்?

வரட்டுமே, டீச்சர்! மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். நின்ற சீர் எப்படி முடிகிறதோ அதை வைத்துத்தானே வருஞ்சீர் எப்படித் தொடங்கவேண்டும் என்று பார்க்கிறோம். முதலில் வாங்கிய கருவி அடுத்ததாக வாங்கும் கருவியைத் தீர்மானிப்பது வேறென்ன? தமிழும் வணிகமும் படிக்கிற பிள்ளைக்கு ஒரே விளக்கத்தில் இரண்டு பாடம்.

சொல் கிளைக்கவும் செய்கிறது. கொம்பனி செய்வது தளைப்படுத்தல், ஆள் தளைப்பட்ட வாடிக்கையாளர், வெளியே வருவது தளை நீக்கம். கட்டுரையின் இரண்டு இடங்களில் போட்டுப் பார்த்தேன்.

சொனியின் பகுதி: “அட்ராக் என்ற தன் சொந்தப் பாட்டுக்கோப்பு வடிவத்தையே பிடித்துக்கொண்டு, 2004 இன் கடைசிவரை நெட்வேர்க் வோக்மனில் எம்பி3 கோப்பை நேரடியாகப் பாடவிடாமல் சொனி செய்த தளைப்படுத்தல் பலிக்கவில்லை.” ஏன் பலிக்கவில்லை என்பதையும் சொல்லே காட்டுகிறது. அந்தத் தளை ஏறுவதற்கு உதவவில்லை. பாட்டுக் கொம்பனியும் வைத்துக்கொண்டு பாட்டுக் கருவியும் விற்ற நிறுவனத்துக்கு ஒரு கை மற்றக் கையைப் பிடித்துக்கொண்டது.

மைக்ரோசொப்ட்டின் பகுதி இன்னும் பகிடி. 2004 இல் ‘நிச்சயம் பாடும்’ என்ற பொருளில் ஒரு முத்திரையைக் கொண்டுவந்து, அது குத்திய கருவியில் அது குத்திய கடைப் பாட்டெல்லாம் பாடும் என்று பல கொம்பனிகளைச் சேர்த்தார்கள். 2006 நவம்பரில் தங்கள் சொந்த சூன் வந்தது. அந்தப் பாட்டுகள் அதில் பாடவில்லை! தளைப்பட்டவர்களை நடுமரத்தில் விட்டுவிட்டு நாரை அறுத்த கதை. ‘சிறை’ என்று போட்டிருந்தால் இந்த இடத்தில் விடுதலை என்றல்லவா எழுதவேண்டி வரும்?

> எங்கள் ஆட்கள் எங்கே கட்டுப்பட்டார்கள்? இங்கே அந்தக் கடையே இல்லையே.

நியாயமான கேள்வி. அப்பிளின் ஐரியூன்ஸ் பாட்டுக்கடை இலங்கைக்கு வந்தது 2012 இல். அதுவரை கொழும்பில் ஐபொட் வைத்திருந்தவர்கள் சீடியிலிருந்தும் சிநேகிதரிடமிருந்தும் நிரப்பிக்கொண்டவர்கள். பூட்டுப் போட்ட பாட்டு ஒன்றுகூட அவர்களிடம் இருந்திருக்காது. ஆனாலும் அடுத்ததும் ஐபொட்டே வாங்கினார்கள். பூட்டு என்ற சொல் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கடைசியாக, கட்டுரையின் தலைப்பில் உள்ள ‘கையடக்க இசைக்கருவி’யைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கையடக்க இசைக்கருவி என்றால் வாயில் வைத்து வாசிக்கிற முகர்சிங். ‘கையடக்க இசைப்பான்’ என்று போடலாம். வோக்மனை வோக்மனாகவே விடுங்கள். சொனியே முதலில் அமெரிக்காவில் சவுண்ட்அபவுட், பிரித்தானியாவில் ஸ்டோஅவே என்று வேறு வேறு பெயரில் விற்றுப் பார்த்து, கடைசியில் எல்லா நாட்டுக்கும் வோக்மன் என்றே வைத்தது. அந்தப் பெயர் ஊர்ச்சொல்லாகவே ஆகிவிட்டது என்று ஒஸ்திரியாவின் உச்ச நீதிமன்றம் 2002 இல் சொல்லியும்விட்டது. வீட்டில் நாங்களும் எந்தக் கொம்பனிப் பெட்டியையும் வோக்மன் என்றுதான் சொன்னோம்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து

---

> தளைப்புக்கு என் கையும் உயர்கிறது. ஆனால் தம்பி, மட்டக்களப்புப் பக்கம் பனையை விட மாடுதான் பிள்ளைகளுக்குப் பழக்கம். தளை என்றால் மாட்டின் காலைக் கட்டுவது. மாடு தானாக மாட்டிக்கொள்வதில்லை! அப்படியானால் தளை நீக்கியது கட்டாக்காலியா?

அக்கா, சிரித்து முடியவில்லை. எந்த நெட்வேர்க்குக்கும் கட்டுப்படாத போனுக்குக் ‘கட்டாக்காலி போன்’ என்று நீங்களே ஒரு புதிய இழை தொடங்குங்கள், நான் வந்து ஆதரிக்கிறேன். மாட்டுப் படம் வந்தாலும் பரவாயில்லை. அடிக்குறிப்பில் தளைநாரைப் பற்றி இரண்டு வரி சேர்த்துவிடுகிறேன்.

பதினொரு இடத்தில் பத்தை மாற்றிவிட்டேன். சிக்கல் பதினோராவதில். பாட்டுக் கொம்பனிகள்தான், களவு போகாமலிருக்க ஒவ்வொரு பாட்டுக்கும் காவல் போடவேண்டும் என்று அப்பிளிடம் கேட்டன. அந்தக் காவலால் கடையிலே வாங்கிய பாட்டு ஐபொட்டை விட்டால் வேறு பிளேயரில் பாடாது. கடைசியில் அப்பிளை விட்டால் விற்க வழியில்லாமல் அவையே மாட்டிக்கொண்டன. 2007 இல் பெரிய பாட்டுக் கொம்பனிகளில் ஈ.எம்.ஐ. முதலில் காவலை எடுத்தது. அந்த வருடம் செப்டெம்பரில் அமேசன் காவலில்லாத எம்பி3 விற்கத் தொடங்கியபோது யுனிவேர்சல் என்ற பாட்டுக் கொம்பனியும் கூடப் போனது. மூலத்தில் இதை ஒரே வசனத்தில், யார் யாரைக் கட்டியது என்று சொல்லாமல் எழுதியிருக்கிறார்கள். ‘தளைப்படுத்தினர்’ என்று போட்டால் அப்பிள் மீது பழி, ‘தளைப்பட்டனர்’ என்று போட்டால் யாருமே செய்யாத மாதிரி. இப்போதைக்கு “தாங்கள் முறுக்கிய நாரிலேயே தளைப்பட்டனர்” என்று வைத்திருக்கிறேன். மூலத்தில் நாரும் இல்லை முறுக்கலும் இல்லை என்று யாராவது அடிக்க வருவீர்கள். வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் வாருங்கள், அதற்குப் பிறகு கோப்பு அச்சுக்குப் போய்விடும்.