புதுப்பிப்பு: 16 வருஷத்துக்கு அப்புறம் சலித்துப்போன வேலை

தை மாசம் இங்கே கேட்டிருந்தேன்: பணகுடி பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் 16 வருஷம், புதிதாக எதுவுமே இல்லை, வேலையை விட்டுவிடலாமா என்று. 'விடாதே, வேறு பொறுப்பு கேள்' என்ற அண்ணாச்சிக்கு நன்றி. கேட்டேன். பழைய 250 கிலோவாட் இயந்திரங்களின் அதிர்வுச் சோதனையைக் கொடுத்தார்கள்.

நிமிஷத்துக்கு 40 சுற்று சுற்றும் இறக்கையின் வேகத்தை கியர்பாக்ஸ் 1,000 சுற்றாக ஏற்றுகிறது. உள்ளே எந்தப் பேரிங் (அச்சைத் தாங்கிச் சுழலவிடும் வளையம்) தேய்கிறது என்பதை, அதிர்வைப் பதியும் வரைபடத்தில் முள் மாதிரி எழும் ஒரு சின்னக் கோடு காட்டிக்கொடுக்கும். ஆனியில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆளையே தள்ளும் நேரத்தில், அப்படி ஒன்று தெரிந்தது. எந்தப் பேரிங் என்று இரண்டு ராத்திரி கணக்குப் போட்டேன். காற்று தணிந்த நாளில் கியர்பாக்ஸைத் திறந்தோம்: அந்தப் பேரிங்கின் வெளிவளையத்தில் நகக்கண் அளவு உலோகம் பெயர்ந்திருந்தது. அதை விரலால் தடவியபடியே நின்றேன்.

சம்பளம் ஏறவில்லை, அது தனிப் பேச்சு. ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அடுத்த வாரம் இன்னும் 12 இயந்திரங்கள்.